அம்மாவை உம்ராவுக்கு அழைத்துச் செல்ல எந்த மாதம் ஏற்றது?

உத்தமபாளையத்தான் | 7 செப்டம்பர் 2025

அஸ்ஸலாமு அலைக்கும்.

என் அம்மாவுக்கு வயது 67. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. வலது முழங்காலில் தேய்மானம் இருப்பதால், அரை கிலோமீட்டர் நடந்தால் எங்காவது உட்கார்ந்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைப்பார்கள். அத்தா உயிரோடு இருந்தபோது இருவரையும் உம்ரா எனும் மக்கா புனிதப் பயணத்துக்கு அனுப்புவதற்காகச் சேர்த்த பணம் அவருடைய வைத்தியத்துக்கே போய்விட்டது. இப்போது அம்மா, என் மனைவி, நான் ஆகிய மூவரும் போய் வர மூன்றரை லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறேன். அதற்கு மேல் கடன் வாங்கிப் போக அம்மா சம்மதிக்கவில்லை.

நவம்பர் மாதம், பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை வரும் டிசம்பர் கடைசி வாரம், பிப்ரவரியில் தொடங்கும் ரமலான் என்று மூன்று காலங்கள் என் கணக்கில் உள்ளன. அம்மாவின் ஆசை ரமலான். என் அச்சமும் அதே ரமலான்தான். ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் பத்து மாதம் சொல்கிறார்கள். முதியவர்களை அழைத்துச் சென்ற அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

ஜித்தாவாசி | 7 செப்டம்பர் 2025

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் பதினெட்டு ஆண்டுகளாக ஜித்தாவில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வருகிற உறவினர்களை ஹரமுக்கு (மக்காவின் பெரிய பள்ளிவாசலுக்கு) அழைத்துச் செல்வது எனக்குப் பாதித் தொழிலாகவே ஆகிவிட்டது.

முதலில் வெயிலைப் பற்றிச் சொல்கிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை மக்காவில் பகல் வெப்பம் 42, 44 பாகை என்று நிற்கும். இரவிலும் 30 பாகைக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. 2024 ஹஜ்ஜின்போது ஹரமில் 51.8 பாகை பதிவானதையும், அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்ததையும் அனைவரும் அறிவோம். அவர்களில் பெரும்பாலோர் அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்ததால், குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் கிடைக்காமல் வெயிலிலேயே நடந்தவர்கள். ஹஜ்ஜுக்கே உரிய அரஃபா, மினா என்ற வெளியிடங்களில் தங்குவது உம்ராவில் இல்லை என்பதால் அந்த அளவுக்கு ஆபத்து இல்லை. ஆனாலும் சர்க்கரை நோயாளி ஒருவரைக் கோடையில் அழைத்து வர நான் ஒப்ப மாட்டேன்.

நவம்பரில் பகல் வெப்பம் 35 பாகையை ஒட்டியும், டிசம்பர், ஜனவரியில் 30 பாகையை ஒட்டியும் இருக்கும். மதீனா மக்காவைவிட உயரமான இடத்தில் இருப்பதால் ஜனவரி இரவுகளில் 12 பாகை வரை இறங்கிவிடும். நம் ஊரில் கம்பளி என்ற பொருளையே பார்க்காதவர்கள் அங்கே ஃபஜ்ர் என்ற அதிகாலைத் தொழுகைக்கு நடுங்கிக்கொண்டு போவார்கள். மழையும் இந்த மாதங்களில்தான் பெய்யும். 2009 நவம்பர் 25 அன்று ஜித்தாவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன வெள்ளத்தை இங்குள்ளவர்கள் இன்னும் பேசுகிறார்கள். ஆனால் மழை ஓரிரு நாள் வந்து போவது. அதற்குப் பயந்து மாதத்தை மாற்ற வேண்டியதில்லை.

வெயில் மட்டுமே கேள்வியென்றால் உங்கள் மூன்று காலங்களும் நல்லவையே. வரும் 2026 ரமலான் பிப்ரவரி 18 வாக்கில் தொடங்குகிறது. பிறைக் கணக்கு ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால், இன்னும் சில ஆண்டுகளுக்கு ரமலான் குளிர்காலத்திலேயே வரும். 2030-இல் ஜனவரியில் ஒரு ரமலானும் டிசம்பர் இறுதியில் இன்னொன்றும் தொடங்கும். ஆகவே நீங்கள் ரமலானுக்கு அஞ்சுவது வெயிலுக்காக என்றால் அஞ்ச வேண்டாம். கூட்டத்துக்காக என்றால், ஆம், அஞ்சத்தான் வேண்டும்.

மேலப்பாளையம் பாய் | 8 செப்டம்பர் 2025

அம்மாவே ரமலானை ஆசைப்படும்போது நாம் ஏன் வேறு மாதம் தேட வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. ரமலானில் செய்யும் உம்ரா ஹஜ்ஜுக்கு நிகரானது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரி, முஸ்லிம் ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் வந்திருக்கிறது. நான் 2023 ரமலானில் என் மாமியாரை அழைத்துச் சென்றேன். அவருக்கு அப்போது 70 வயது. நோன்பு திறக்கும் நேரத்தில் முன்பின் அறியாத ஒருவர் நம் கையைப் பிடித்து இழுத்துத் தன் விரிப்பில் உட்கார வைத்துப் பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் காவா என்ற அரபுக் காப்பியும் தருவார். ஒரே விரிப்பில் துருக்கிக்காரரும் நைஜீரியரும் நம் ஊர்க்காரரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து பாங்குக்குக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களை நவம்பரில் எங்கே போய்த் தேடுவது?

கூட்டம் இருக்கும் என்பது உண்மைதான். அதைத் தாங்கிக்கொள்வதற்குத்தானே கூலி.

கீழக்கரைப் பெண் | 8 செப்டம்பர் 2025

தம்பி, ஆண்கள் மாதத்தைப் பற்றி எழுதிக்கொண்டே போகிறீர்கள். பெண்களுக்கு மாதத்தைவிடத் தேதி முக்கியம் என்பதை யாரும் சொல்லவில்லை. உங்கள் மனைவியும் வருகிறார் என்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

மாதவிலக்குக் காலத்தில் தவாஃப் (கஅபாவை ஏழு முறை சுற்றி வருவது) செய்ய முடியாது. இஹ்ராம் கட்டிய (உம்ராவுக்கான நிலையை ஏற்ற) பிறகு அது வந்துவிட்டால், சுத்தமாகும்வரை இஹ்ராமின் கட்டுப்பாடுகளோடு அறையிலேயே காத்திருக்க வேண்டியதுதான். பத்து நாள் பயணத்தில் எனக்கு அப்படி நேர்ந்தது. குழுவில் இருந்த எல்லோரும் முதல் இரவே உம்ராவை முடித்துவிட்டு வந்து அசந்து உறங்க, நான் ஜன்னல் வழியே மினாராவைப் பார்த்துக்கொண்டு ஆறு நாள் கிடந்தேன். ஊருக்குப் புறப்படுவதற்கு முந்திய இரவில்தான் என் உம்ரா முடிந்தது. நபியின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களுக்கே ஹஜ் பயணத்தில் இப்படி நேர்ந்து அழுதார்கள் என்ற செய்தியை அந்த நாட்களில்தான் நான் உண்மையாகப் படித்தேன்.

ஆகவே பயணத் தேதியை முடிவு செய்யும் முன்பு உங்கள் மனைவியிடம் கேளுங்கள். பயண நிறுவனங்களின் ரமலான் பயணத் திட்டங்களில் தேதியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. முதல் பத்து, நடுப் பத்து, கடைசிப் பத்து என்று அவர்கள் வெட்டி வைத்திருப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நவம்பரில் ஒரு வாரம் முன்பின் நகர்த்தலாம். தள்ளிப்போடும் மாத்திரைகளைப் பற்றிப் பக்கத்து வீட்டு லாத்தாமார்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள்; மருத்துவரைக் கேட்காமல் எதையும் வாங்கிவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற அரபு ஆசிரியர் | 9 செப்டம்பர் 2025

மேலப்பாளையம் சகோதரர் குறிப்பிட்ட நபிமொழி உறுதியானது. ஆனால் அது எந்தச் சூழலில், யாரிடம் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிப்பது நல்லது. மதீனாவைச் சேர்ந்த அன்சாரிப் பெண் ஒருவரிடம், 'எங்களோடு ஹஜ்ஜுக்கு வரத் தடையாக இருந்தது என்ன' என்று நபியவர்கள் கேட்கிறார்கள். வீட்டில் இருந்த ஒட்டகங்களில் ஒன்றில் கணவரும் மகனும் போய்விட்டார்கள், மற்றொன்று நீர் இறைப்பதற்காக விடப்பட்டது என்று அவர் சொல்கிறார். அப்படியானால் ரமலான் வரும்போது உம்ரா செய்யுங்கள், அது ஹஜ்ஜுக்கு நிகராகும் என்பது அவருக்குக் கிடைத்த பதில். வண்டி வசதியில்லாமல் வீட்டில் நின்றுபோன ஒரு பெண்ணுக்குச் சொல்லப்பட்ட சொல் அது. அந்தச் சிறப்பு எல்லோருக்கும் பொதுவானது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. என்றாலும் நன்மையில்தான் அது ஹஜ்ஜுக்கு நிகர், கடமையான ஹஜ் அதனால் நீங்கிவிடாது.

நபியவர்கள் தாம் செய்த உம்ராக்கள் எந்த மாதத்தில் என்று பார்த்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. அவர்கள் செய்தவை நான்கு என்றும், ஹஜ்ஜோடு சேர்த்துச் செய்ததைத் தவிர மற்றவை யாவும் ஹஜ் மாதத்துக்கு முந்திய துல்கஅதா மாதத்தில் என்றும் நபித்தோழர் அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டது, அடுத்த ஆண்டு நிறைவேற்றியது, ஹுனைன் போருக்குப் பின் ஜிஃரானாவிலிருந்து செய்தது ஆகியவை அந்த மூன்று. ஹஜ் மாதங்களில் உம்ரா செய்வதை அறியாமைக் காலத்து அரபுகள் பெரும் பாவமாகக் கருதினார்கள். அந்த எண்ணத்தை உடைக்கவே அம்மாதம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று விளக்கம் சொன்ன அறிஞர்களும் உண்டு.

டிசம்பர் இறுதியில் போனால் ரஜப் மாதமாக இருக்கும். ரஜப் உம்ராவுக்குத் தனிச் சிறப்பு உண்டென்று சில பயண நிறுவனங்கள் துண்டறிக்கை அச்சிடுகின்றன. நபியவர்கள் ரஜபில் உம்ரா செய்தார்கள் என்று நபித்தோழர் இப்னு உமர் (ரலி) சொன்னபோது, அவர்கள் ரஜபில் ஒருபோதும் செய்ததில்லை என்று ஆயிஷா (ரலி) திருத்தியது புகாரியிலேயே இருக்கிறது. ரஜபில் செய்யலாம்; சிறப்புக் கட்டணம் கொடுத்துச் செய்ய வேண்டியதில்லை.

ஜித்தாவாசி | 9 செப்டம்பர் 2025

அரபு ஆசிரியர் ஹஜ்ரத் எழுதியதைப் படித்தபோது, இங்கே ஆண்டுதோறும் பார்க்கும் ஒரு விசித்திரம் நினைவுக்கு வந்தது. நபியவர்கள் உம்ரா செய்த அதே துல்கஅதா மாதம்தான் இன்று வெளிநாட்டவருக்கு அடைபட்டுக் கிடக்கிறது. ஹஜ் ஏற்பாடுகளுக்காக உம்ரா விசாக்காரர்களை முன்னதாகவே வெளியேற்றிவிடுவார்கள். இந்த 2025-ஆம் ஆண்டு உள்ளே வரக் கடைசி நாள் ஏப்ரல் 13, அதாவது ஷவ்வால் 15. வெளியேறக் கடைசி நாள் ஏப்ரல் 29, அதாவது துல்கஅதா முதல் நாள். ஹஜ் முடிந்து ஜூன் நடுவில்தான் மறுபடியும் கதவு திறந்தது. எனவே நோன்புப் பெருநாள் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் தள்ளிப்போட வேண்டாம். அந்த இடைவெளி மிகக் குறுகியது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் மூன்றரை லட்சம் மாறாத தொகை என்றால், நீங்கள் வாங்கப்போவது மாதத்தையா, தூரத்தையா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். நவம்பரில் உங்கள் பணத்துக்கு ஹரமின் வெளி முற்றத்திலிருந்து நானூறு ஐந்நூறு மீட்டரில் அறை கிடைக்கும். அதே பணத்துக்கு ரமலானில் உங்களை அஸீஸிய்யா என்ற பகுதியில் கொண்டுபோய் வைப்பார்கள். அங்கிருந்து ஹரம் சில கிலோமீட்டர். பேருந்து விடுவதாகச் சொல்வார்கள், விடவும் செய்வார்கள். ஆனால் அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு சாலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வரும்போது அந்தப் பேருந்து பாதியில் நின்றுவிடும். மீதித் தூரத்தை நோன்போடு நடக்க வேண்டியிருக்கும். ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்து லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வெளியேறும்போது, முழங்கால் வலியுள்ள ஒருவருக்கு ஓரடி ஒதுங்கி நிற்கக்கூட இடம் இருக்காது.

தூரம் ஹரமுக்குள்ளும் இருக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கஅபாவை ஒட்டித் தரையில் சுற்றினால் ஒரு சுற்று இருநூறு மீட்டர் அளவில் முடியும். கூட்ட நேரங்களில் சக்கர நாற்காலிகளை மேல் தளங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். மேலே ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரை நெருங்கும். அப்படியானால் ஏழு சுற்று எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸயீ என்ற நடை எந்த மாதத்திலும் மாறாது: ஸஃபா, மர்வா என்ற இரு குன்றுகளுக்கும் இடையே நானூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஏழு நடை சேர்ந்தால் முக்கால் மணி நேரம் நடக்கிற இரண்டே முக்கால் கிலோமீட்டர். அந்த இடம் முழுவதும் குளிரூட்டப்பட்டது என்பது ஆறுதல்.

அக்குறணை ஆசிரியை | 10 செப்டம்பர் 2025

நான் இலங்கையில் ஆசிரியை. எனக்கு நீண்ட விடுமுறை ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில் மட்டுமே கிடைக்கும். 2023 ஆகஸ்ட் மாதம் உம்மாவுடனும் நானாவுடனும் (அண்ணனுடனும்) போனேன். கோடையில் போகவே கூடாது என்று இங்கே எழுதியிருப்பதால், போனவள் என்ற முறையில் ஒரு சொல்.

பகலில் நாங்கள் வெளியே வரவேயில்லை. இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகு உறங்கி, இரவு இரண்டு மணிக்கு எழுந்து தவாஃப் செய்து, ஃபஜ்ரை முடித்துக்கொண்டு அறைக்குத் திரும்புவதை வழக்கமாக்கிக்கொண்டோம். மதாஃபில் (கஅபாவைச் சுற்றி வரும் திறந்த முற்றத்தில்) பதித்திருக்கும் வெள்ளைப் பளிங்கு கிரேக்க நாட்டுத் தாஸோஸ் தீவிலிருந்து வருவது. சுற்றிலும் காற்று கொதித்தாலும் பாதத்துக்குச் சூடு தெரிவதில்லை. ஆனால் மேலே நிழல் கிடையாது. மதீனாவின் பள்ளிவாசல் முற்றத்தில் 250 பெரிய குடைகள் விரிவதைப் போல மக்காவில் எதுவும் இல்லை என்பதால், பகல் பதினொரு மணிக்குத் தவாஃப் செய்தவர்கள் தலையில் தொழுகை விரிப்பைப் போட்டுக்கொண்டு சுற்றியதைப் பார்த்தேன்.

ஹிரா குகைக்கு ஏற முடியவில்லை, உஹது மலையடிவாரத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. ஜியாரத்துகளில் (புனித இடங்களைப் பார்ப்பதில்) ஆசை உள்ளவர்களுக்குக் கோடை உதவாது. ஒன்றே ஒன்று கோடைக்கே உரியது: மதீனாவில் அப்போதுதான் பறித்த ருதப் பேரீச்சை பெட்டி பெட்டியாக வந்திறங்கும். உம்மா ஊருக்கு வந்தும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு உண்மையில் நேர்ந்த துன்பம் வெயிலால் அன்று. ஐந்நூறு மீட்டர் என்று சொல்லிப் பணம் வாங்கிய பயண முகவர், பெயர் வேண்டாம், ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி மேட்டின்மேல் ஒரு விடுதியில் இறக்கிவிட்டார். ஐந்நூறு மீட்டர் என்பது காகம் பறக்கும் தூரம் போலும். விடுதியின் பெயரை எழுத்தில் வாங்கி, வரைபடத்தில் நடைவழியைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

மேலப்பாளையம் பாய் | 10 செப்டம்பர் 2025

தூரத்தைப் பற்றி ஜித்தா அண்ணன் எழுதியதை மறுக்கவில்லை. எங்கள் விடுதி கிட்டத்தில் இருந்தது என்பதையும், அதற்கு நான் கொடுத்த விலையையும் முந்திய பதிவில் சொல்லாமல் விட்டது என் தவறுதான். இருந்தாலும் ரமலானை முழுதாகக் கைவிடாமல் ஒரு வழி இருக்கிறது. ரமலானுக்கு முந்திய ஷஃபான் மாதத்தின் கடைசி வாரத்தில் மதீனாவுக்குப் போய்த் தங்கிவிட்டு, முதல் நோன்பு அன்றோ இரண்டாம் நோன்பு அன்றோ மதீனாவை ஒட்டிய துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டி மக்காவுக்கு வந்தால், ரமலான் உம்ராவும் கிடைக்கும், கடைசிப் பத்தின் நெரிசலும் இருக்காது. ஆறாம் ஏழாம் நோன்புக்குள் திரும்பிவிடலாம். விலை நவம்பரைவிடக் கூடுதல்தான், ஆனால் கடைசிப் பத்தின் விலை இராது.

ஜித்தாவாசி | 11 செப்டம்பர் 2025

இது யோசிக்கத்தக்க வழி. நடக்க முடிந்தவராக இருந்தால் நானும் இதைத்தான் சொல்வேன். ஆனால் முதல் வாரமும் இப்போதெல்லாம் காலியாக இருப்பதில்லை. வளைகுடா நாடுகளிலிருந்து காரில் வருகிறவர்கள் அந்த முதல் வெள்ளி, சனியைத்தான் குறிவைப்பார்கள். அம்மாவுக்கு இன்சுலின் உண்டா, மாத்திரை மட்டுமா என்று நீங்கள் எழுதவில்லை. பயணிக்கு நோன்பை விட்டுப் பிறகு வைக்கச் சலுகை உண்டு. ஆனால் ரமலானில் மக்காவுக்கு வந்துவிட்டு நோன்பை விட மனம் வருகிற தாய்மாரை நான் இதுவரை பார்த்ததில்லை.

உத்தமபாளையத்தான் | 12 செப்டம்பர் 2025

அனைவருக்கும் ஜஸாகல்லாஹ் கைர். அம்மாவுக்குக் காலையிலும் இரவிலும் இன்சுலின் உண்டு. இரண்டு ரமலான்களாக மருத்துவர் நோன்பு வைக்க வேண்டாம் என்று சொல்லியும், எங்களுக்குத் தெரியாமல் வைத்து ஒருநாள் மயங்கி விழுந்தார்கள். ஜித்தா அண்ணன் சொன்னது எங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்துகிறது.

நேற்று இரவு இந்தப் பதிவுகளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நீர் இறைக்கும் ஒட்டகத்தின் கதையை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்கள். பிறகு, 'உங்க அத்தாவுக்குச் செலவழிச்சது நம்ம ஒட்டகம்' என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். காலையில் என் மனைவியைக் கூப்பிட்டு, நாட்காட்டியை எடுத்து நவம்பரில் அவளுக்கு ஒத்துவருகிற தேதிகளைக் குறிக்கச் சொன்னார்கள். நவம்பர் 9 முதல் 23 வரை என்று குறித்திருக்கிறோம். பிள்ளைகளை என் தங்கை பார்த்துக்கொள்வாள்.

இன்னும் இரண்டு கேள்விகள். முதலில் மக்காவா, மதீனாவா? வாரத்தில் எந்த நாள் மக்காவில் இறங்குவது நல்லது?

ஓய்வுபெற்ற அரபு ஆசிரியர் | 12 செப்டம்பர் 2025

உங்கள் தாயார் நிய்யத்தில் (மன எண்ணத்தில்) ரமலானையும் வைத்துக்கொள்ளட்டும். செய்ய முடியாமல் போன நல்ல எண்ணத்துக்கும் நன்மை எழுதப்படும் என்பது தெளிவான நபிமொழி. நவம்பரில் அது ஜமாதுல் அவ்வல் மாதமாக இருக்கும். ஷாஃபிஈ, ஹனஃபி என எந்த மத்ஹபின் (சட்ட மரபின்) படியும் அப்போது உம்ரா செய்யத் தடையில்லை. ஹனஃபி மத்ஹபில் துல்ஹஜ் 9 முதல் 13 வரையான ஐந்து நாட்கள் மட்டுமே விரும்பத்தகாதவை.

ஜித்தாவாசி | 13 செப்டம்பர் 2025

மதீனாவுக்கு முதலில் போங்கள். விமானக் களைப்போடு நேரே மக்காவுக்கு வந்து அன்றிரவே தவாஃபும் ஸயீயும் செய்வது அம்மாவுக்கு ஆகாது. மதீனாவில் நான்கைந்து நாள் ஓய்வாக இருந்து, நபியின் பள்ளிவாசலுக்குள் இருக்கும் ரவ்ழா என்ற சிறப்பிடத்துக்கு நுஸுக் என்ற சவூதி அரசுச் செயலியில் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெண்களுக்கு நேரம் தனி என்பதால் அம்மாவுக்கும் மனைவிக்கும் ஒரே நேரமாகப் பாருங்கள். பிறகு ஹரமைன் ரயிலில் வந்தால் 450 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். இஹ்ராம் உடையை விடுதியிலேயே அணிந்து, ரயில் புறப்பட்டதும் மீகாத்தை (இஹ்ராம் எல்லையை) தாண்டுவதற்குள் நிய்யத் வைத்துவிட வேண்டும். ரயிலில் குளிர் அதிகம், அம்மாவுக்குச் சால்வை இருக்கட்டும்.

இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வியாழன் மாலையிலிருந்தே உள்ளூர்க் கூட்டம் வரத் தொடங்கும். ஞாயிறு அல்லது திங்கள் இரவு மக்காவை அடையுமாறு பாருங்கள். முன்பதிவு செய்யும் முன்பு, அந்த வாரங்களில் சவூதிப் பள்ளிகளுக்கு விடுமுறை விழுகிறதா என்று எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே போட்டுச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். இன்சுலினைக் கைப்பையில் மருத்துவரின் சீட்டோடு கொண்டு வாருங்கள், சரக்குப் பையில் வைக்க வேண்டாம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனால் திரும்பி வரும்போது அது இருக்காது. அம்மாவுக்கு ஒரு துணிப்பை தைத்துக் கொடுங்கள், தோளில் மாட்டிக்கொள்ளட்டும்.